மிசௌரியில் முதல் வான்கோழி வேட்டை: பெரியவர் அழைத்துவிட்டார், எனக்கு உதறுகிறது

கொலம்பியாவாசி
மார்ச் 8, 2025

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கரூர் பக்கம். மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா நகருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மென்பொருள் வேலை, எச்1பி விசா, மனைவி, ஒரு மகள். இதுவரை என் கையால் போன உயிர்களில் பெரியது ஓர் எலி. அதுவும் பொறியில் தானாக வந்து விழுந்தது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெரியவருக்குப் பக்கத்துக் கேலவே கவுன்டியில் 80 ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதி ஓக் மரக் காடு, பாதி புல்வெளி. போன கோடையில் அவருடைய டிராக்டர் கொட்டகைக்குக் கூரைத் தகடு மாற்றக் கூடமாட உதவினேன். அதற்குக் கைம்மாறாக, "ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்கு என்னோடு வா" என்று சொல்லிவிட்டார். வான்கோழி அடையும் மரத்தை இந்த ஊர்க்காரர்கள் சொந்த மருமகனுக்குக்கூடக் காட்ட மாட்டார்கள் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அப்படியிருக்க எப்படி மறுப்பது?

ஆர்வக் கோளாறில் 25 டாலருக்கு ஒரு மரப்பெட்டி ஊதுகருவி வாங்கிவிட்டேன். ஊதுகருவி என்று சொல்வதும் தவறு, அதை ஊதுவதில்லை; மூடியைப் பெட்டியின் விளிம்பில் தேய்த்தால் பெட்டை வான்கோழி மாதிரி கத்துகிறதாம். நான் தேய்த்தால் எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் மாதிரி கத்துகிறது. மகள் என் பக்கமே வருவதில்லை.

கேள்விகள் இவை. விசாவில் இருப்பவன் துப்பாக்கி தொடலாமா? வான்கோழிக்குக் கண் அவ்வளவு கூர்மையா, அல்லது பெரியவர் பயமுறுத்துகிறாரா? எவ்வளவு நேரம் கத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்? கிடைத்தால் எப்படிச் சமைப்பது? காட்டு வான்கோழித் தொடை செருப்புத் தோல் மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதை மனைவி கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி அவளுடையது. வான்கோழி தவிர வேறு பறவை வேட்டை இங்கே என்னென்ன உண்டு என்றும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றி.


ஓசார்க் பெரியப்பா
மார்ச் 9, 2025

தம்பி, அந்தப் பெரியவரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இங்கே எழுத வேண்டாம். இனி உரிமம் வரும்வரை தொடவும் வேண்டாம்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். "என்னுடையது இல்லை, சும்மா பிடித்துப் பார்த்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பாடம், பிறகு உரிமம், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. இந்த வரிசை மாறக் கூடாது. உங்கள் வயதுக்காரர்கள் பாடத்தை இணையத்திலேயே படித்துத் தேர்வு எழுதிவிடலாம். இரண்டு மாலைகள் போதும். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருக்கிறீர்கள் என்றால் ஒரு குடியேற்ற வழக்குரைஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு கோழிக்காக விசாவை அடகு வைக்காதீர்கள்.

இனி வேட்டைக்கு வருவோம். நான் சிவகங்கைச் சீமைக்காரன். மிசௌரியில் ரோலா பக்கம் வந்து முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டேன். முதல் நான்கு வசந்தங்கள் ஒரு இறகுகூடக் கிடைக்காமல் வீடு திரும்பியவன். அந்த நான்கு ஆண்டுகளில் நான் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடத் தெரியவில்லை.

இதைப் புரிந்துகொள்ளுங்கள். வசந்தத்தில் சேவல் மரத்திலிருந்து முழங்கும். இங்கே அதை காபிள் என்பார்கள். எனக்கு அது முழக்கம்தான். முதல் முறை நாற்பது அடியில் கேட்டபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அந்த முழக்கத்தைக் கேட்டுப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். அதுதான் அவற்றின் வழக்கம். நாம் பெட்டை மாதிரி கத்தி, சேவலை நம்மிடம் வரவழைக்கப் பார்க்கிறோம். அதாவது மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் போகும் ஊரில், மாப்பிள்ளையை நடக்க வைக்கிறோம். அதனால் அவன் அறுபது எழுபது கஜத்தில் நின்றுகொண்டு, வால் விசிறியை விரித்து, "நான் இங்கே இருக்கிறேன், நீ வா" என்று காட்டிக்கொண்டிருப்பான். நீங்கள் விடாமல் கத்தினால் அவனுக்குக் கவலையே இல்லை. எப்படியும் வரப்போகிறவள்தானே என்று நிற்பான். நீங்கள் சட்டென்று நிறுத்திவிட்டால்தான் "போய்விட்டாளோ" என்ற சந்தேகம் வரும். பதில் குரல் வந்துவிட்டதா, பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இருபது நிமிடம். கை துறுதுறுக்கும். பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பெட்டிக்குச் சாக்குக்கட்டி போட்டீர்களா? மூடியின் அடிப்பக்கத்தில் எண்ணெய் கலக்காத சாக்குக்கட்டியைத் தேய்த்தால் ராட்டினச் சத்தம் போய்விடும். மழை ஈரம் பட்டால் அன்றைக்கு அந்தப் பெட்டி வெறும் விறகு.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரியவர் குறைத்துத்தான் சொல்லியிருப்பார். தலையின் இரு பக்கமும் கண். தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 270 பாகை பார்க்கும். நிறங்கள் நன்றாகத் தெரியும். மோப்பம் அவ்வளவாகக் கிடையாது, அது ஒன்றே நமக்கு ஆறுதல். அதனால் முகத்துக்கு வலை, கைக்கு உறை, உருமறைப்பு உடை. முதுகைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார வேண்டும். மரம் அகலமாக இருப்பதில் இன்னொரு காரணமும் உண்டு; பின்னால் வரும் இன்னொரு வேட்டைக்காரனின் ரவை உங்கள் முதுகுக்கு முன் மரத்தைச் சந்திக்க வேண்டும்.

அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். உணர்ச்சிக்கு ஏற்ப நிறம் மாறும். எனவே அந்த மூன்று நிறமும் உங்கள் உடம்பில் எங்கும் இருக்கக் கூடாது: சட்டைக் காலர், காலுறை, தண்ணீர்ப் புட்டியின் மூடி, எதிலும்.

எனக்கு மூன்றாவது வசந்தம். மார்க் ட்வெய்ன் தேசியக் காடு, பொது நிலம். ஒரு மேட்டுக்கு அந்தப்பக்கம் முழக்கம் கேட்டது. உட்கார்ந்து அழைக்காமல், புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனேன். செடி மறைவில் சிவப்பாக ஒன்று அசைந்தது. பாதுகாப்பு விசையை நீக்கிவிட்டேன். விரல் உள்ளே போய்விட்டது. அந்தச் சிவப்பு மேலே போயிற்று, மூக்கைச் சிந்தியது. ஒரு மனிதர். சிவப்புக் கைக்குட்டை. நான் கேட்ட முழக்கம் அவருக்கு அப்பால் இருந்த பறவையுடையது. அவர் என்னைக் கடைசிவரை பார்க்கவே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கால் நடுக்கம் நிற்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஆண்டு திரும்பவும் போகவில்லை. அதற்குப் பிறகு ஒலியைத் தேடி நான் நடந்ததே இல்லை. முழுப் பறவையும், அதன் தாடியும், பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாமல் விரல் உள்ளே போகக் கூடாது.

உங்களை நோக்கி ஒரு மனிதர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், பெட்டியால் கத்தாதீர்கள். அசையாமல் உட்கார்ந்து மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். நான் "யாரப்பா அது!" என்று தமிழிலேயே கத்துவேன். தமிழ் பேசும் வான்கோழியை மிசௌரியில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

தாடி என்றால் நெஞ்சிலிருந்து தொங்கும் கறுப்புக் கற்றை. குதிரைவால் மயிர் மாதிரி இருக்கும், உண்மையில் அது ஒருவகை இறகு. வசந்தத்தில் மிசௌரி விதி: சேவல், அல்லது கண்ணுக்குத் தெரியும் தாடி உள்ள பறவை. சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு, விதிப்படி சுடலாம். நான் சுடுவதில்லை, அந்த நேரத்தில் அது முட்டையிட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் உங்கள் மனப்படி செய்யுங்கள். பருவத்துக்கு இரண்டு பறவை, முதல் வாரத்தில் ஒன்றுதான். தோட்டாவில் நான்காம் எண் ரவையைவிடப் பருமனான ரவை கூடாது. தானியம் தூவி வைத்த இடத்தில் வேட்டையாடக் கூடாது. தூவியதைக் கூட்டி அள்ளிய பிறகும் பத்து நாள் அந்த இடம் தடைதான், எனவே பெரியவர் மான்களுக்குச் சோளம் போடுகிறாரா என்று இப்போதே கேளுங்கள். பறவை விழுந்தால் அன்றிரவு பத்து மணிக்குள் மாநிலத் துறைக்குப் பதிவு செய்ய வேண்டும். விதிப் புத்தகம் ஆண்டுதோறும் மாறும், இலவசம். என் பேச்சை நம்பாமல் அதைப் படியுங்கள்.

சுடுவது உடம்பில் இல்லை. கழுத்தில், இறகு முடிந்து சதை தொடங்கும் இடத்தில். விசிறி விரித்து ஆடும்போது கழுத்து உள்ளே மடிந்திருக்கும், அப்போது சுடாதீர்கள். நாக்கால் ஒரு "டக்" போடுங்கள், தலையைத் தூக்குவான். நாற்பது கஜத்துக்கு மேல் வேண்டாம். போகும் முன் பெரியவரின் நிலத்திலேயே ஒரு பெரிய தாளை அதே தூரத்தில் ஒட்டிச் சுட்டு, ரவை எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். உரிமம் வந்த பிறகு!

விடியலில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள். காலையில் சேவலைச் சுற்றிப் பெட்டைகள் இருக்கும். ஒன்பது பத்து மணிக்கு அவை முட்டையிட நழுவிவிடும். தனியாக நிற்கும் சேவல் அப்போதுதான் உங்கள் பேச்சைக் கேட்பான். பெரும்பாலும் சத்தமே போடாமல் வருவான்.

இன்னொன்று, உண்ணி. இதைச் சிரித்துக்கொண்டு கடந்துவிடாதீர்கள். முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி உள்ள ஒருவகை உண்ணி இங்கே ஏராளம். 2016-ல் கடித்தது. அடுத்த பொங்கலுக்கு நண்பர் வீட்டில் மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன். நடு இரவில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுத்தது, மருத்துவமனை. ஆல்ஃபா-கால் என்று ஒவ்வாமை. பாலூட்டிகளின் கறி எதுவும் இனி கூடாது. செட்டிநாட்டுக்காரன் ஒருவனுக்கு ஆட்டுக்கறியை ஒரு உண்ணி நிறுத்திவிட்டது. பறவைக்கறிக்கும் மீனுக்கும் தடையில்லை. எனக்கு வான்கோழி இப்போது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. உடைக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக் காயவைத்துப் போடுங்கள். உடம்பில் தெளிக்கக் கூடாது. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள். அழகு பார்க்க யாரும் வரப்போவதில்லை.

சமையலைப் பறவை கிடைத்த பிறகு பேசுவோம்.


மேடிசன் வள்ளி
மார்ச் 9, 2025

பெரியப்பா சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அவர் காட்டில் உட்காருகிறவர். நான் விஸ்கான்சினில் சோளக்கொல்லை ஓரத்தில் உட்காருகிறவள். திறந்த வெளியில் பொம்மைப் பெட்டை ஒன்று கண்ணில் படாவிட்டால் சேவல் கொல்லை விளிம்பிலேயே நின்று தேடிவிட்டுத் திரும்பிவிடும். குரல் வந்த இடத்தில் பறவை இல்லை என்றால் அதற்கு நம்பிக்கை போய்விடுகிறது. என் தாத்தா காலத்தில் தருமபுரிப் பக்கம் கௌதாரி பிடிப்பவர்கள் பழக்கிய கௌதாரியைக் கூண்டோடு வைப்பார்களாம். அதற்குப் பார்வை என்று பெயர். அதே வேலைதான், இங்கே ரப்பரில் செய்து விற்கிறார்கள். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பைக்குள் வைத்து, பையின் மேல் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். பெரியப்பாவின் கைக்குட்டைக் கதைக்குப் பிறகு காரணம் சொல்லத் தேவையில்லை.

துப்பாக்கி விஷயம்: பெரியவர் 12 கேஜ் என்ற பெரிய குழல் துப்பாக்கியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வான்கோழித் தோட்டா தோளில் கழுதை உதைத்தமாதிரி உதைக்கும். முதல் முறை அந்த உதைக்குப் பயந்தே கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது அதைவிடச் சிறிய 20 கேஜில் டங்ஸ்டன் ரவை போடுகிறேன். ஒரு தோட்டாவின் விலையில் ஒரு நல்ல காபி குடிக்கலாம், ஆனால் பருவத்துக்கு மூன்று தோட்டாதானே. ஈயம் சாப்பாட்டில் வராது என்பதும் எனக்கு ஒரு நிம்மதி. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள் என்றீர்கள், யோசியுங்கள்.

கொலம்பியாவாசிக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வான்கோழிகள் உங்கள் ஊர்க்காரர்கள். விஸ்கான்சினில் வான்கோழி அடியோடு அழிந்து போயிருந்தது. 1976-ல் மிசௌரியிலிருந்து 29 பறவைகளைக் கொண்டுவந்து வெர்னன் கவுன்டியில் விட்டார்கள். பதிலுக்கு நாங்கள் கொடுத்தது ரஃப்டு கிரௌஸ் என்ற காட்டுக்கோழிகள். பண்டமாற்று! அதற்குப் பின் வந்த பறவைகளும் சேர்ந்து பெருகி, 1983-ல் வேட்டைப் பருவமே திறந்தார்கள். மிசௌரியிலேயே 1950-களின் தொடக்கத்தில் 2,500-க்கும் குறைவாகத்தான் மிச்சம் இருந்தன. பண்ணையில் வளர்த்தவற்றை விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பிறகு பெக் ராஞ்ச் என்ற இடத்தில் காட்டுப் பறவைகளையே பீரங்கி வலை போட்டுப் பிடித்து மற்ற இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். பீரங்கி வலை என்றால் நிஜமாகவே வெடிமருந்தால் பறவைகளின் மேல் வீசப்படும் வலை. இதற்கெல்லாம் பணம் பெரும்பாலும் துப்பாக்கி, தோட்டா மீதான வரியிலிருந்து வந்தது. 1937-ல் வந்த சட்டப்படி அந்த வரி காட்டுயிர்ப் பணிக்குப் போகிறது; தோட்டாவுக்கு இப்போது 11 சதவிகிதம். நீங்கள் தோட்டா வாங்கும்போது நீங்களும் கட்டுவீர்கள்.

மற்ற பறவைகள் என்று கேட்டீர்கள். அக்டோபரில் மூன்றாவது சனிக்கிழமை தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் பருவம் திறக்கும். நீண்ட வால், கழுத்தில் வெள்ளை வளையம், சேவல் மட்டும், நாளுக்கு மூன்று. அது இந்த ஊர்ப் பறவையே இல்லை. 1880-களில் சீனாவிலிருந்து ஓரிகனுக்குக் கப்பலில் வந்தது. பத்துப் பேர் வரிசையாகச் சோளத் தட்டைக்குள் நடக்கும் வேட்டை அது. உட்கார்ந்து இருக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்றது. என் கணவருக்கு அதுதான் பிடிக்கும்.


நெவாடா நடராசன்
மார்ச் 10, 2025

வான்கோழி எனக்குத் தெரியாது, நான் ரீனோ. இங்கே சக்கர் வேட்டை. இந்தப் பெயரை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? நம் கவிகள் நிலாவொளியைக் குடித்து வாழ்வதாகப் பாடிய சகோரப் பறவை இதுதான். கராச்சியிலிருந்து 1893-ல் முதன்முதலாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் நெவாடாவின் மொட்டை மலைகளில் நன்றாகக் குடியேறிவிட்டது. கால் சிவப்பு, அலகு சிவப்பு, விலாவில் கறுப்புக் கோடுகள்.

நிலாவொளி குடிப்பதை நான் பார்க்கவில்லை. புல்விதையும் வெட்டுக்கிளியும்தான் தின்கிறது. பாறைச் சரிவில் மேல்நோக்கி ஓடும், நாம் மூச்சிரைக்க உச்சிக்குப் போனதும் கீழ்நோக்கிப் பறக்கும். ஒரு நாளில் 2,000 அடி ஏறி ஒரே ஒரு பறவையோடு வந்திருக்கிறேன். முழங்கால் நன்றாக இருக்கும் வயதில் ஆரம்பியுங்கள்.


துளசிச்செடி
மார்ச் 10, 2025

நான் இந்த இழையை எதேச்சையாகப் பார்த்தேன். கடையில் நூறு வகைக் கோழி கிடைக்கும் நாட்டில், காதலியைத் தேடி வரும் பறவையை ஏமாற்றிக் கொல்வதை இத்தனை ரசனையோடு எழுத முடிகிறதே என்று வியப்பாக இருக்கிறது. ஊரில் செய்தால் சிறை. இங்கே செய்தால் பொழுதுபோக்கு. அவ்வளவுதானா வேறுபாடு?


ஓசார்க் பெரியப்பா
மார்ச் 10, 2025

அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஏமாற்றுகிறோம் என்பது உண்மை. அதை அழகான சொல்லால் மூட மாட்டேன். கறியே தொடாதவர் என்றால் உங்களோடு எனக்கு வாதமே இல்லை. கடைக்கோழி சாப்பிடுகிறவர் என்றால், ஆறேழு வாரம் கொட்டகையில் இருந்துவிட்டுச் செத்த கோழிக்கு அந்த ஏமாற்றுகூடக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஊரில் சிறை என்பதும் சரி, அது இருக்க வேண்டிய சட்டம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் 1991-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கௌதாரியோ காட்டுக் காடையோ யாரும் தொடக் கூடாது. ஊருக்குப் போகும் தம்பிகள் யாராவது "அங்கே எங்கே சுடலாம்" என்று கேட்டுக்கொண்டு வந்தால் இந்தக் கிழவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

வேடிக்கை ஒன்று. நம் ஊர்க் கள்ளிமேட்டில் கத்தும் கள்ளிப்புறா இருக்கிறதே, கழுத்தில் கறுப்புப் பட்டை போட்டது, அது இங்கேயும் வந்துவிட்டது. 1970-களில் பஹாமாஸ் தீவில் கூண்டிலிருந்து தப்பி, ஃபுளோரிடா வழியாக நாட்டின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. செப்டம்பர் 1 அன்று புறாப் பருவம் திறக்கும்போது சூரியகாந்திக் கொல்லையில் அதையும் சுடலாம். எனக்கு மட்டும் கை வருவதில்லை. அந்தக் குரலைக் கேட்டால் அம்மா மதியம் நெல் காயவைத்த களம் ஞாபகம் வந்துவிடுகிறது. மற்றப் புறாக்களைச் சுடுகிறேன். இதில் தர்க்கம் எதுவும் இல்லை என்று எனக்கே தெரியும்.


கொலம்பியாவாசி
மே 4, 2025

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதக் கடன்பட்டிருக்கிறேன்.

சான்றிதழ் மார்ச்சிலேயே வாங்கினேன். உரிமம் வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டேன். (முன்பு தொட்டேனா என்ற கேள்விக்குப் பெரியப்பா சொன்னபடி இங்கே பதில் எழுதவில்லை.)

ஏப்ரல் 26, சனிக்கிழமை. நான்கு மணிக்கு எழுந்து, ஐந்துக்கு ஓக் மரத்தடியில். பெரியவர் எனக்கு இடப்புறம், அடுத்த மரத்தில். இருட்டில் எங்கேயோ ஆந்தை ஒன்று கத்தியது. உடனே தலைக்கு மேலே இடி விழுந்தமாதிரி பதில். அந்தச் சேவல் அடைந்திருந்தது நாங்கள் உட்கார்ந்ததற்கு நூறு கஜத்துக்குள். அதன்பின் விடியும்வரை நாற்பது முறையாவது முழங்கியிருக்கும். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், பிறகு எண்ண மறந்துவிட்டேன். வெளிச்சம் வந்ததும் தடதடவென்று இறங்கினான், எங்களுக்கு எதிர்ப்பக்கமாக. நான்கு பெட்டைகள் அவனை வளைத்துக்கொண்டு போய்விட்டன. பெரியவர் பெட்டியைத் தேய்த்ததற்கு ஒரு முறை பதில் சொன்னான். வள்ளி அக்காவின் பொம்மையும் அங்கேதான் இருந்தது, யாரும் மதிக்கவில்லை.

பிறகு ஒன்றுமில்லை. எட்டு மணி. ஒன்பது. கால் மரத்துப் போய், துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டேன். ஒரு எறும்பு என் கையுறையில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் இடப்பக்கம் திரும்பினால், இருபது கஜத்தில் நிற்கிறான். சத்தமே இல்லை. வெயிலில் செம்பும் பச்சையுமாக மின்னும் அந்த உடம்பைப் பார்த்ததும், பள்ளியில் மயிலைப் பார்த்து ஆடியதாகப் படித்த வான்கோழி இதுவாக இருக்க முடியாது என்று தோன்றியது. இதையெல்லாம் தோன்ற விட்டுக்கொண்டிருந்தவன், மெதுவாகத் துப்பாக்கியை எடுக்கலாம் என்று முழங்கையை இரண்டு அங்குலம் நகர்த்தினேன். "பட்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஓடினானா பறந்தானா என்றுகூடத் தெரியவில்லை.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். திரும்பும் வழியில் செத்த எல்ம் மரத்தடியில் தேன்கூடு மாதிரி துளைத்துளையான மோரல் காளான் ஒரு தொப்பி நிறையக் கிடைத்தது. வேட்டையில் முதல் பலன் அதுதான். மிளகும் பூண்டும் போட்டு வதக்கினோம். மகள் முழுவதையும் தின்றுவிட்டாள்.

நேற்று இரண்டாவது முறை. இந்தத் தடவை துப்பாக்கியை முழங்காலில் நிறுத்தியே வைத்திருந்தேன். 10.40-க்கு இளஞ்சேவல்கள் இரண்டு வந்தன. ஒன்றுக்குத் தாடி நான்கு அங்குலம் இருக்கும். பெரியவர் நாக்கால் "டக்" என்றார். கழுத்து நீண்டது. 28 கஜம். சுட்டபோது உதை தெரியவே இல்லை, அக்கா. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது. மற்ற சேவல் போகாமல் அங்கேயே சிறிது நேரம் நின்றுகொண்டிருந்தது. அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, துளசிச்செடி அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

பதினான்கு பவுண்டு. மாலை ஆறுக்கே பதிவு செய்துவிட்டேன். நெஞ்சுக்கறியை மிளகு போட்டு வறுத்தோம், அருமை. தீனிப்பையைப் பிளந்து பார்த்தால் க்ளோவர் இலையும் வண்டுகளும். உடம்பில் உண்ணி மூன்று, ஒன்றும் கடிக்கவில்லை.

இப்போது அவசரம் ஒன்று. தொடையை உப்புக்கறி போடலாம் என்று சின்ன வெங்காயம், கிள்ளிய வரமிளகாய், நல்லெண்ணெய் எல்லாம் தயார் செய்து குக்கரில் பன்னிரண்டு விசில் விட்டாயிற்று. முள்கரண்டி உள்ளே போக மறுக்கிறது. மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள். என்ன செய்யலாம்?


ஓசார்க் பெரியப்பா
மே 4, 2025

காலுக்குள் ஈர்க்குச்சி மாதிரி எலும்பாகிப்போன நரம்புகள் இருக்குமே, முதலிலேயே இடுக்கியால் பிடித்து உருவினீர்களா? உருவியிருக்க மாட்டீர்கள். இப்போது எடுத்து ஆற வைத்து உருவிவிடுங்கள், வெந்த பிறகு சுலபமாக வரும். கறியை நார் நாராகப் பிய்த்து, வேகவைத்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டு, இன்னும் ஆறு விசில். அதற்குப் பிறகுதான் வெங்காயம் தாளிக்க வேண்டும். உப்பு இப்போது போடாதீர்கள்.

தங்கச்சியிடம் முக்கால் மணி நேரம் ஆகும் என்று சொல்லுங்கள். ஒன்றரை ஆகும்.